நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் அன்புச்செல்வி

1

இந்தக் கதை ஒரு மிளகாய் பஜ்ஜியைச் சுற்றி வந்தது. காரமடைத் தேருக்குப் போனபோது வாங்கியது. பஜ்ஜி தீர்ந்ததும் தாளைப் பிரித்தேன். (எந்தத் தாளானாலும் தேதியிலிருந்து கையொப்பம் வரை படிக்காமல் எறிகிற பழக்கம் எனக்கில்லை.) ஒரு தொடக்கப்பள்ளியின் மாணவர் கணக்கெடுப்புப் படிவம், நகல். 30.9.1993 நிலவரப்படி. ‘மொத்த மாணவர்’ என்ற கட்டத்தில் முதல் இலக்கம் 4. இரண்டாவது இலக்கத்தின்மேல் எண்ணெய் பரவியிருந்தது. 0 என்றும் படிக்கலாம், 1 என்றும் படிக்கலாம்.

அடியில் அச்சிட்டிருந்தது மட்டும் பளிச்சென்று தெரிந்தது: ‘அடித்தல் திருத்தல் கூடாது.’

இந்தக் கதைக்கு அந்த விதி கிடையாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மெர்சி டீச்சர் நேர்மையானவர்.” அடித்துவிட்டேன். நேர்மையானவர் என்று ஆரம்பித்தால், எப்போது வழுக்குவார் என்று நீங்கள் காத்திருக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

அடுத்தது: “மேட்டுப்பாளையம் சாலையில் பனி மூடியிருந்த...” செப்டம்பரில் ஏது பனி?

மூன்றாவது: மெர்சி டீச்சருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இது நிற்கட்டும். எல்லா வினையும் இதில்தான் தொடங்கியது. அது இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி. தலைமையாசிரியர் பாலுசாமிக்குத் தோட்டம் இருந்தது, பம்புசெட் இருந்தது, இவற்றுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. டீச்சர் இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த அன்றே அவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, படிவக்கட்டு முழுவதையும் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

டீச்சரிடம் ஒரு குறை உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதுவார். முந்தைய ஆண்டுப் படிவத்தில் ‘கழிப்பறை: உண்டு / இல்லை’ என்று கேட்டிருந்தார்கள். “உண்டு. பூட்டியிருக்கிறது. சாவி பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில்” என்று எழுதினார். கட்டத்துக்கு வெளியே எழுத்து போயிருப்பதாகக் குறிப்புடன் படிவம் திரும்பி வந்தது. சாவி வரவில்லை.

(பிறந்த தேதி பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். சேர்க்கிற அன்று ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே, அதற்காகப் பாலுசாமி அருளிய பிறப்பு அது. கேக் வெட்டுகிற ஊராக இருந்தால் அன்று பேக்கரி தாங்காது.)

3

செப்டம்பர் 29 காலையில் பதிவேட்டில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். முப்பதாம் தேதிக் கணக்கில் நாற்பத்தொன்று இருந்தால்தான் இரண்டாவது ஆசிரியர். ஒன்று குறைந்தால் மெர்சி டீச்சர் ‘உபரி’. உபரிக்கு என்று மலைமேல் ஒரு பள்ளி காலியாக இருந்தது. இரண்டு பஸ், ஒரு ஜீப், பிறகு நடை. வீட்டுக்குப் பக்கத்தில் இந்த இடம் கிடைக்க அவர் ஒன்பது வருடம் மனுப் போட்டவர்.

பத்து மணிக்குப் பொன்னாத்தாள் வந்தாள், ஐந்தாம் வகுப்பு அன்புச்செல்வியின் அம்மா.

“ஊட்டுக்காரருக்குச் சிங்காநல்லூர் மில்லுல வேலை கெடைச்சிருக்குதுங்க. முப்பதாந் தேதிக்குள்ள டி.சி. கொண்டாந்தாத்தான் பிள்ளையச் சேத்துவோம், இல்லாட்டி வர்ற ஜூனுக்கு வாங்கன்னு அங்க சொல்லிப்போட்டாங்க.”

சிங்காநல்லூர்ப் பள்ளிக்கும் கணக்கில் ஒரு தலை குறைந்திருக்கும்.

“பொன்னாத்தாள் அழுதாள்” என்று எழுதிவிட்டு அடித்தேன். பதினொன்றே முக்காலுக்குப் பஸ். அழுகிற நேரமில்லை.

பாலுசாமி டீச்சரைத் தனியே அழைத்தார். அக்டோபர் ஒன்று என்று தேதி போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார். “ரெண்டு நாளுல பிள்ளை என்னங்க டீச்சர், கெழவியா ஆயிருமா?”

“ஒரு வருசம் போயிருமுங்க சார்.”

டீச்சர் 29.9.93 என்றே எழுதினார். அழகான கையெழுத்து. பதிவேட்டில் அன்புச்செல்வியின் பெயர்மேல் சிவப்பு மையால் கோடிழுத்தார், அளவுகோல் வைத்து.

நாற்பது.

(கதை இங்கேயே முடிந்திருக்கும். நல்ல டீச்சர், கெட்ட விதி. இதை நீங்கள் முன்பே எங்கேயாவது படித்திருப்பீர்கள்.)

4

மறுநாள், அதாவது கணக்கெடுக்கிற முப்பதாம் தேதி காலை, டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தால் அன்புச்செல்வி தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மிச்சமிருந்த ஆடுகளை விற்க அம்மாவோடு வந்தாளாம். சாயங்காலப் பஸ்வரைக்கும் சும்மா இருப்பதற்குப் பள்ளிக்கூடம் போ என்று அனுப்பிவிட்டார்களாம். அப்பன் டி.சி.யை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர்ப் பள்ளிக்குப் போயிருக்கிறான். அங்கே இந்நேரம் பெயர் ஏறியிருக்கும். பெயர் அங்கே, பிள்ளை இங்கே.

பாலுசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே எண்ணுங்க டீச்சர். பொய் எழுத வேண்டாம். தலையை எண்ணி எழுதுங்க.”

டீச்சர் எண்ணினார். நாற்பத்தொன்று. முன்வரிசையிலிருந்து ஒருதரம், பின்வரிசையிலிருந்து ஒருதரம். அன்றைக்கென்று பார்த்து ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பஜ்ஜித் தாளில் அன்புச்செல்வி கிடையாது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதை நகரவில்லை. ஒரு தலை குறைந்தது, சேர்த்துக்கொண்டேன். அதுவும் போதாமல், அனுப்பியவளை ஆட்டைச் சாக்கு வைத்துத் திரும்பக் கூட்டி வந்தேன். பாலுசாமி செய்யச் சொன்னது இதில் பாதிதான். அவரைப் பற்றிக் கிண்டலாக எழுதிவைத்திருந்த அரைப்பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். மேலே இருப்பது மிச்சம்.

பெயர் கூப்பிட்டு முடித்து டீச்சர் பதிவேட்டை மூடினார். அன்புச்செல்வி எழுந்து நின்றாள்.

“டீச்சர், என்ற பேரு வரலீங்க.”

“உன்ற பேரு சிங்காநல்லூர் போயிருச்சு கண்ணு.”

“அப்ப, இன்னிக்கு நா வந்ததுக்கு என்னங்க போடுவீங்க?”

5

டீச்சர் படிவத்தை எடுத்தார். மொத்த மாணவர் என்ற கட்டத்தில் 4 எழுதினார். அதற்குமேல் என்னால் அவரைப் பின்தொடர முடியவில்லை. எழுதிப் பார்த்தவை இவை.

அ) 40 எழுதினார். டிசம்பரில் ஆணை வந்தது. இரண்டு பஸ், ஒரு ஜீப், நடை. (வாசகர் கண் கலங்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

ஆ) 41 எழுதினார். ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் சரிபார்க்கவில்லை. அந்த ஆண்டு அரசாங்கத்திடம் அன்புச்செல்வி இரண்டு பேராக இருந்தாள். டீச்சர் மட்டும் அதன்பிறகு பிள்ளைகளிடம் “இன்னொரு தரம் எண்ணிப் பாரு” என்று சொல்லும்போதெல்லாம்

(முடிக்கவில்லை.)

இ) 40 எழுதி, பக்கத்தில், “மேலும் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறது” என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். கட்டத்துக்கு வெளியே எழுத்து போயிருப்பதாகப் படிவம் திரும்பி

மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. பஜ்ஜித் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெயிலில் காட்டிப் பார்த்தேன், விளக்கில் காட்டிப் பார்த்தேன். எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது.

ஆகையால் பேனா இனி உங்களிடம். சின்னக் கட்டம், ஒரே ஒரு இலக்கம்தான் பிடிக்கும். அடித்தல் திருத்தல் கூடாது. ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டதற்குப் பதில் வராமல் அவள் இன்னும் உட்காரவில்லை.