நானூற்றுப் பதினாறு

1

இது நானாக யோசித்த கதை இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர், தன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத என்னிடம் “நானூத்திப் பதினாறு சார்!” என்றார். எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவின் தாள் அது. “அப்படியா” என்றேன். கொஞ்சம் நகர்ந்தும் உட்கார்ந்தேன். (இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். இருக்கட்டும்.) அவர் எழுந்து போய்விட்டார். மீதியெல்லாம் என் கற்பனை.

2

‘லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கையும் ஏற்ற இறக்கமாக—’

வேண்டாம், மலிவு. நேராகவே சொல்கிறேன்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒரு வருஷம் மாத்திரை விழுங்கியும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நூற்று முப்பதைத் தாண்டவில்லை.

“ஒருவேளைகூடத் தவறவிடலைங்க டாக்டர்.”

“தெரியுது. இந்த மருந்து உங்களுக்குக் கேக்கலை. வேற மாத்தித் தரேன். இருநூறுக்குக் கீழ இருந்தா சாதாரணச் சளியே ஆளைச் சாய்ச்சிடும், ஜாக்கிரதை. ஆறு மாசம் கழிச்சு எண்ணிப் பாப்போம்.”

அந்த ஆறு மாதமும் யாராவது பக்கத்தில் இருமினால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். சர்க்கரை மாத்திரை என்று புளுகி வைத்திருந்ததால், கூட வேலை செய்பவர் தினமும் சர்க்கரை போடாத டீ வாங்கி வந்தார். இவரும் அதையே குடித்தார்.

3

இவ்வளவு தனிமை ஒருத்தருக்கு ஆகுமா? எனக்கே சந்தேகம். ‘பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, சாப்பிட்டீங்களா என்று—’ எழுதினேன். அந்த ஆள் தட்டவே மாட்டேன் என்கிறார். சரி, வெளியூரில் ஒரு தங்கையைக் கொடுத்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது.

4

ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்துக் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று தங்கைக்குப் போன் போட்டார்.

“என்னண்ணே, வேலை நேரத்துல? உடம்புக்கு ஏதும்…”

“சேச்சே! நானூத்திப் பதினாறு வந்திருக்கு.”

“என்னது அது?”

நான் எழுதிய ஒரு முடிவில், “பஸ் நம்பர்மா” என்று சிரித்துச் சமாளிக்கிறார். அவளும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாள். எழுதியபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில், ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறார். நோயின் பேர், மருந்து கேட்காத வருஷம், புது மருந்து கேட்டதற்கு அந்த எண்தான் சாட்சி என்பது, எல்லாமே. “இத யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சும்மா” என்று முடிக்கிறார்.

இதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கையின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் வேலை. போன் அவர் காதில்தான் இருக்கிறது. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டார்.

ஏதாவது பேசுங்கள்.