இர்சினாவுக்கு ஏறும் சாலை

கிராவினாவிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பினோம். வெயிலுக்கு முன் இர்சினா மலையில் ஏறிவிடுவதாகத் திட்டம். வழியில் எத்தோரேயின் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. ஒட்டினான். ஒட்டு மறுபடி விட்டது. மலையடிவாரத்துக்கு வந்தபோது வெயில் உச்சியில் நின்றது.

எத்தோரே என் கணவன். பிப்ரவரியில் அவன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம், வெயிலில் ஏற்றம் மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். அவன் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டான்.

வீட்டை விட்டு வந்து நான்காம் நாள். இருபுறமும் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள். மரம் இல்லை. செயினைப் பார்க்கிறேன் என்று இரண்டு தடவை நின்றான். செயினில் ஒரு கோளாறும் இல்லை. அவன் உதடு வெளுத்திருந்தது. போதும் என்று நான் சொன்னால் இன்னும் வேகமாக மிதிப்பான். பின்னாலேயே மிதித்தேன்.

சாலையோரக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பண்ணைவீடு, ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மதியம் எல்லோரும் தூங்கும் அந்த வேளையில் எங்கள் பக்கத்தில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். தட்டினேன்.

"யாரு செத்தது?" என்று கேட்டபடி ஒரு அம்மாள் திறந்தாள்.

"யாரும் இல்லம்மா. கொஞ்சம் தண்ணி வேணும்."

அவள் எத்தோரேயைப் பார்த்தாள். "இன்னும் இல்லேன்னு சொல்லு. உள்ள வாங்க."

அவள் பெயர் நுன்சியா. வீட்டுக்குள் இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. எத்தோரே மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனான். அவன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"இப்படி வேர்த்து ஊத்துறப்போ ஜில் தண்ணி குடிச்சா குடல் நின்னு போயிடும். முதல்ல மணிக்கட்டை நனைப்பா."

அவன் குழாயடியில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல மெல்லக் குடித்தான்.

நுன்சியா கேட்காமலேயே இரண்டு தட்டுகளில் தக்காளி பாஸ்தா கொண்டுவந்தாள். எத்தோரே தொடவில்லை. காலையிலிருந்து அவன் தின்றது இரண்டு பீச் பழம். சாப்பிட்டால் மூன்று மணி நேரம் நீந்தக்கூடாது, உடம்பை வருத்தக்கூடாது என்று எங்கள் கடற்கரைகளில் எல்லாப் பிள்ளைகளையும் மிரட்டுவார்கள். டாக்டரை நம்பாதவன் அதை நம்பினான். தட்டைத் தொட்டால் இன்று ஏற்றம் கிடையாது.

"ஏன், என் சமையல் பிடிக்கலையா?"

"சாப்பிட்டா மலை ஏற முடியாதும்மா."

"இந்த வெயில்லயா? என் கழுதைகூட ஏறாது."

"கழுதை இருக்கா?"

"இருந்துச்சு. ஏறிச்சு."

அவன் சிரிக்கவில்லை. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தான். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்தான். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான் முடியல," என்றான். "காலைலேர்ந்து ஒரே புலம்பல்."

நுன்சியா என் பக்கம் திரும்பினாள். அவனும் பார்த்தான்.

நான்கு நாட்களாக எல்லா ஏற்றங்களிலும் அவனுக்குப் பின்னால் வருவதற்காக பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு மிதித்தவள் நான். எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்துவிடுவான்.

"ஆமாம்மா," என்றேன். "என்னால முடியல. காலு ரெண்டும் விட்டுப்போச்சு."

சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று தெரிந்தது. மேசைக்கடியில் தொடைகள் தாமாகவே துடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா?" என்றான் எத்தோரே. முள்கரண்டியை எடுத்தான். "இவளைக் கூட்டிட்டு வந்தா இதான் கதி."

"பாவம்ப்பா அவ. நாளைக்குக் காலைல கிளம்புங்க," என்று நுன்சியா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

அவன் வாய் நிறைய பாஸ்தாவோடு, நான் எந்தெந்த மேட்டில் பின்தங்கினேன் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தான். நான் குனிந்து சாப்பிட்டேன்.