சங்ககிரி வரை போதுமான சண்டை

எங்கள் கார் சண்டையில் சார்ஜ் ஆகிறது. மின்சாரக் கார்தான். வயர், பிளக் எல்லாம் உண்டு. பிளக்கைச் செருகிவிட்டு, பக்கத்தில் நின்று இரண்டு பேர் சண்டை போட வேண்டும்.

ஈரோட்டு ஷோரூமில் விவரமாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று விற்பனையாளர் கேட்டார். நானும் என் மனைவி கோகிலவாணியும் மட்டும்தான், மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள் என்றேன். "அம்மா கூட இருக்காங்களாங்க?" என்றார். அம்மா காலமாகிவிட்டதைச் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியானால் சின்ன பேட்டரியே போதும், பெரியதை வாங்கினால் நிரப்ப முடியாமல் கஷ்டப்படுவீர்கள் என்றார். நேர்மையான மனிதர்.

முணுமுணுத்தால் மெதுவாக ஏறும். பழைய விஷயத்தை இழுத்தால் வேகமாக ஏறும். ஒருவர் பெற்றோரை இன்னொருவர் திட்டினால் இன்னும் வேகமாக ஏறும், ஆனால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அன்பாக ஏதாவது பேசினால் இறங்கிவிடும்.

நான் பெட்ஷீட் மொத்த வியாபாரி. கடையில் நாள் முழுக்கப் பேசுவதால் வீட்டில் பேசுவதில்லை. பழைய டீசல் காரில் ஒருமுறை பழனிக்குப் போய்த் திரும்பும்வரை நான் சொன்னது, "கதவைச் சரியா சாத்து" என்பது மட்டும்தான். புதுக் கார் வந்தபின் அப்படி இருக்க முடியவில்லை. மாலையில் காபி குடித்ததும் கோகிலவாணி கீழே வந்து பிளக்கைச் செருகுவாள். நான் மடக்கு நாற்காலியோடு போய் உட்காருவேன். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிப்போய் ஸ்வெட்டர் வாங்கித் தராததில் அவள் ஆரம்பித்தாள். அதை வைத்துக் கோயம்புத்தூர் போய் வந்தோம். என் தங்கை கல்யாணத்துக்கு அவளுடைய வளையலைக் கேட்டு வாங்கிய விவகாரம் எங்களைக் கொடைக்கானல் வரை கொண்டுபோனது, மலைப்பாதை உட்பட.

பக்கத்து வீட்டு வேலுமணி சார் தனி ஆள். அவரிடமும் இதே கார், சண்டைக்குத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேப்பமரத்து இலை தன் வாசலில் விழுகிறது என்று சத்தம் போட வருவார். அக்கம்பக்கம் என்றால் அவ்வளவாவது செய்யத்தானே வேண்டும் என்று நானும் பதிலுக்குச் சத்தம் போடுவேன்.

ஒரு வருடத்தில் எங்களிடம் இருந்ததெல்லாம் தீர்ந்தது. ஒரு தடவை சண்டை போட்ட விஷயம் மறுபடி ஏறாது, கார் ஞாபகம் வைத்திருக்கும். அரசியல் பேசிப் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சாம்பாரில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதில் கார் தெருமுனை வரை போய் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் கோகிலவாணியின் தங்கை திலகாவின் புதுமனைப் புகுவிழா வந்தது. பால் காய்ச்சும் பித்தளைப் பானை அக்கா வீட்டுச் சீர். நாங்கள் போனால்தான் பால் பொங்கும். காலையில் முயன்று பார்த்ததில் சங்ககிரி வரை போக மட்டும் ஏறியிருந்தது.

வெப்படை தாண்டும்போது கோகிலவாணி மறந்துபோய், "இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க" என்றாள். மீட்டரில் ஒரு கோடு இறங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஏசியை அணைத்தேன்.

சங்ககிரி பைபாஸில் அதிவேக சார்ஜிங் நிலையம் ஒன்று இருக்கிறது. நாச்சிமுத்து, நல்லசிவம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்துகிறார்கள். பொதுக் கிணற்றில் யார் எப்போது மோட்டார் போடுவது என்று அவர்களுக்குள் பல காலமாக வழக்கு. அவர்கள் எதிரெதிரே நின்று ஆரம்பித்தால் டீ குடித்து முடிப்பதற்குள் கார் நிரம்பிவிடும் என்பதால் எப்போதும் வரிசை நிற்கும். அன்றைக்கு வரிசை இல்லை. 'பழுது' என்று பலகை மாட்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே இலையில் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து எழுந்து வந்து வருத்தப்பட்டார். "மழை பேஞ்சு கெணறு வழியுதுங்க. எதுக்குன்னு அடிச்சுக்கறது?"

சித்திரையில் கிணறு வற்றியதும் வந்தால் கட்டாயம் பார்த்துத் தருவதாகத் தம்பி சொன்னார். நான் அவரைத் தனியாக அழைத்து, வரும் வழியில் பார்த்தேன், தோட்டத்து எல்லைக் கல் உங்கள் பக்கம் நகர்ந்த மாதிரி இருக்கிறது என்றேன்.

"நகந்தா நகந்துட்டுப் போகட்டுங்க. அண்ணந்தானே" என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் காரில் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கோகிலவாணி பானையை இடுப்பில் வைத்தபடி இறங்கி, பிளக்கை எடுத்துத் தானே செருகினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஏனுங்க, இந்தக் கார் வாங்கற வரைக்கும் நீங்க எங்கூட உக்காந்து பேசுனதே இல்லைங்க. சாயங்காலமானா வருவீங்கன்னுதான் ஒவ்வொரு சண்டையா சிக்கனமா எடுத்துச் செலவு பண்ணுனேன். அதுவும் தீந்துபோச்சு. இனி கார் நின்னுட்டா நீங்க பழையபடி ஆயிருவீங்க."

மீட்டர் கீழிருந்து கிளம்பி உச்சிக்குப் போய் நின்றது. வயர் சூடேறியதால் நல்லசிவம் ஈரச் சாக்கை எடுத்து வந்து அதன் மேல் போட்டார். ஒரு பக்கம் மட்டும் மெதுவாகப் பேசினாலே இப்படி ஏறுமென்று தெரிந்திருந்தால் தொண்டையையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் அண்ணன்.

கிளம்பினோம். சேலம் போய், திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்வரலாம், அவ்வளவு இருந்தது. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. சொன்னால் எவ்வளவு ஆகும் என்றும் தெரியும். மன்னிப்பு கேட்பதானால் வண்டியை நிறுத்தி, மாற்று வாகனத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு கேட்க வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. சுங்கச்சாவடி வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"தப்பு எம்மேலதான் கோகிலா" என்றேன்.

மீட்டர் பாதிக்கு வந்துவிட்டது. போதும், பானை போய்ச் சேரணும் என்றாள். நான் நிறுத்தவில்லை. எனக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. சீரகாபாடி வரை பேசினேன். அவளும் நடுவில் ஒன்றிரண்டு சொன்னாள், அவை என்னுடையதைவிட அதிகம் இழுத்தன. கொண்டலாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் கார் அலுங்காமல் ஓரமாகப் போய் நின்றது.

அவள் பானையை எடுத்துக்கொண்டாள். நான் பழத்தட்டை எடுத்துக்கொண்டேன். வெயிலில் நடந்தோம். போகும் வழியில் நான் எதையோ சொல்ல, அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள். கார் ரொம்பத் தூரத்தில் இருந்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை.

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. திலகாவின் கணவர் தங்கராசு பந்தல் வாசலில் நின்றிருந்தார். தாமதத்துக்கு நான் காரணம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதனால என்னங்க சகலை. வீடே இன்னும் வரலை. காலையிலயே ஓமலூர்ல இருந்து கிளம்பிருச்சு, அஞ்சு ரோட்டுல டிராபிக்ல நிக்குதாம்."

காலி மனையில் சொந்தக்காரர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை வரப்போகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, ஹாலுக்குள் நெருக்கமாக. திலகா பானையை வாங்கிக்கொண்டு போய், ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடந்து வந்ததில் கால் முழுக்கப் புழுதி. கால் கழுவ எங்கே என்று கேட்டேன். தங்கராசு பின்பக்கம் ஒரு மூலையைக் காட்டி, அங்கே போய் நில்லுங்கள், குழாய் வந்துவிடும் என்றார். நானும் கோகிலவாணியும் அங்கே போய் நின்றுகொண்டோம்.