பேசிவிட்ட காகம்

தைஸ்யாவின் நாக்கு செத்துப்போய் ஒரு கோடைகாலமே கழிந்துவிட்டது.

வசந்தத்தில் வந்த காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு ருசியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. பிறகு அவளுக்கு மீனும் ரொட்டியும் ஒன்றுதான், காஸிம் ஆற்றின் பனிக்கட்டியும் ஒன்றுதான். சமைத்தால் உப்பு தாறுமாறாக விழுந்தது.

"உன் மீன் சூப்பை நக்கிட்டு நம்ம நாய் பாதி ஆத்தைக் குடிச்சிடுச்சுடி!" என்று நாத்தனார் அகுலினா கேலி செய்வாள். தைஸ்யாவும் கூடச் சிரிப்பாள். ஆனால் தட்டில் பாதியை யாருக்கும் தெரியாமல் அதே நாய்க்குத்தான் போடுவாள். இடுப்பு வார் தளர்ந்துகொண்டே வந்தது. உடம்பில் கொழுப்பே இல்லாமல் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது எப்படி? கணவன் லரியோன் அந்த வாரைப் பார்ப்பான். புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுப்பான்.

முதல் பனி விழுந்து உறைந்த நாளில், ஆற்று வளைவிலிருந்து லரியோனின் கூவல் கேட்டது. முகாமே வெளியே ஓடிவந்தது. வழக்கப்படி ஒருவர் மேல் ஒருவர் பனியை வாரி இறைத்தார்கள். சறுக்குவண்டியில் வந்துகொண்டிருந்தது ஒரு கரடி.

அந்தப் பெயரை அங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. அவர் 'பெரியவர்'. கொன்றோம் என்றும் சொல்வதில்லை, விருந்துக்கு வந்திருக்கிறார். தோலை உரிப்பதுகூட, சட்டைப் பொத்தான்களை அவிழ்ப்பதுதான்.

பொத்தான்கள் அவிழ்ந்தபோது தைஸ்யா தூரத்தில் நின்று பார்த்தாள். உள்ளே இலையுதிர்காலம் முழுக்கக் காட்டுப்பழமும் பைன் கொட்டையும் தின்று சேர்த்த கொழுப்பு, வெண்ணெய்ப்பாளம் போலக் கனமாக இருந்தது. கோடாரி எந்த எலும்பையும் தொடவில்லை. ஆண்கள் மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரித்து எடுத்தார்கள்.

தலையும் முன்கால்களும் தோலோடு சேர்த்து வீட்டுக்குள் மரியாதையான இடத்தில் வைக்கப்பட்டன. கண்களில் வெள்ளி நாணயங்கள், எதிரே ரொட்டி, ஆவி பறக்கும் தேநீர்.

வெளியே இரண்டு பெரிய கொப்பரைகள் நெருப்பில் ஏறின. முன்பாதி ஆண்களுக்கு, பின்பாதி பெண்களுக்கு. இரண்டிலும் சமையல் ஆண்கள்தான். நுரையை வழித்து வழித்துக் கொட்டினார்கள். இந்த இறைச்சியில் அவசரம் ஆகாது. அரைவேக்காட்டில் தின்றவன் படுக்கையில்தான் விழுவான். எலும்பு தானாகக் கழன்று வரும்வரை கொதித்தது. ஊரே மூக்கை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. தைஸ்யாவுக்கு மட்டும் அது வெறும் புகை.

விருந்து தொடங்கியது. லரியோனின் பெரியப்பா புரோகோப்பிதான் பாட்டுக்காரர். அவர் பெரியவரை வணங்கிவிட்டுத் திரும்பி, கையைச் சிறகு போல் ஆட்டி, "கா!" என்றார்.

"கா! கா!" என்று வீடே கத்தியது. இனி சாப்பாடு முடியும்வரை மனிதப் பேச்சு கிடையாது. தின்பது காகங்கள்; பெரியவருக்குக் கோபம் வந்தால் காகங்களோடு போகட்டும். மனிதர்கள்தான் தின்றார்கள் என்று தெரிந்துவிட்டாலோ, அந்தக் கோபம் காட்டில் காத்திருக்கும், அவரை அழைத்துவந்தவனுக்காக.

தைஸ்யா மற்ற பெண்களைப்போலச் சால்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். கையால் தொடாமல் மரக்குச்சியால் ஒரு துண்டைக் குத்தி, கடமைக்கு வாயில் போட்டாள்.

முதலில் கொழுப்பு இளகி உதட்டில் வழிந்தது. பிறகு ஏதோ ஒன்று நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. கடித்தாள். கரிய, அடர்ந்த இறைச்சி, கலைமான் இறைச்சியைவிட ஆழமான ருசி. அதற்கு அடியில் ஓர் இனிப்பு. பழுத்துப் பனிபட்ட காட்டுப்பழத்தின் இனிப்பு! அதற்கும் பின்னால் பைன் கொட்டையின் எண்ணெய் மணம். ஒரு காடு முழுக்க, அதன் மழையும் வெயிலும் சேர்ந்து, கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வாய்க்குள் நுழைந்தது.

"ஐயோ! என்னா ருசி!" என்று கத்திவிட்டாள்.

காகங்கள் அத்தனையும் வாயடைத்துப்போயின.

அகுலினாவின் குச்சியிலிருந்து துண்டு கழன்று மடியில் விழுந்தது. தைஸ்யா எதிரே பார்த்தாள். வெள்ளி நாணயங்கள் இரண்டும் நெருப்பொளியில் அவளையே உற்றுப் பார்த்தன. நாளைக்கே லரியோன் பொறிகளைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியவன்.

புரோகோப்பி கணவனின் பெரியப்பா. மருமகளோடு நேரில் பேசமாட்டார். மனிதக் குரல் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டதால் அவரும் காகக் குரலை விட்டார். "அகுலினா, அவகிட்ட கேளு. ஏன் பேசினா?"

"அக்கா, பெரியப்பாகிட்ட சொல்லுங்க," என்றாள் தைஸ்யா சால்வைக்குள்ளிருந்து. "நாக்கு திரும்பிடுச்சு. நான் பேசலக்கா, அதுவா கத்திடுச்சு. கோபம்னா என்மேல படட்டும். என் வீட்டுக்காரர்மேல வேணாம்."

"அவ நாக்கு..." என்று ஆரம்பித்தாள் அகுலினா.

"காதுல விழுந்துச்சு, நான் என்ன செவிடனா?" என்றார் புரோகோப்பி. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "பெரியவர்கிட்டயே கேட்டுடுவோம். லரியோன், வாடா. நீதானே கூட்டிட்டு வந்தவன். தூக்கு."

லரியோன் தலையின் முன்னால் மண்டியிட்டான். கேள்விக்கு ஆமாம் என்றால் தலை கனத்துப்போகும், இல்லை என்றால் லேசாக எழும்பும்.

"பெரியவரே, எங்கமேல கோபமா?"

லரியோன் இரு கைகளையும் கீழே கொடுத்துத் தூக்கினான். தொப்பியைத் தூக்குவதுபோல் எழுந்துவிட்டது தலை.

புரோகோப்பி புருவத்தைச் சுருக்கினார். "பேச்சைக் கேட்டும் கோபமில்லையா? இது எப்படி?"

லரியோன் தலையைக் கீழே வைத்தான். காதுமடல் சிவந்திருந்தது.

"பெரியப்பா... குகை வாசல்ல நின்னு அவரை எழுப்பினப்போ, ஒண்ணு சொன்னேன்."

"என்னடா சொன்னே?"

"எங்க வீட்டுக்கு வாங்க, என் பொண்டாட்டிக்குச் சாப்பாடு இறங்கல, தேஞ்சுக்கிட்டே வரா, உங்களால முடிஞ்சா பாருங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவர் வெளிய வந்தாரு. அவசரமே இல்லாம வந்தாரு பெரியப்பா."

"அடப்பாவி! நாங்க இங்க தொண்டை கிழியக் கத்தறோம். நீ அங்கேயே விலாசத்தோட சொல்லிட்டு வந்துட்டியா!"

லரியோன் தலை குனிந்தான். புரோகோப்பி பெரியவர் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்தது. "இன்னொரு தடவை தூக்கு. பெரியவரே, யார் சாப்பிடப் போறாங்கன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

லரியோன் தூக்கினான். தலை அசையவில்லை. முழங்காலை ஊன்றி மறுபடி முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சற்றுமுன் தொப்பியாக இருந்தது, இப்போது ஆற்றங்கரைப் பாறை.

புரோகோப்பி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஆண்கள் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சால்வைக்குள் தைஸ்யாவின் கன்னம் நனைந்தது. கொழுப்போடு கலந்து உதட்டுக்கு வந்த கண்ணீர் கரித்தது. அது கரிக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது!

"அகுலினா," என்றார் புரோகோப்பி, கரடித் தலையிலிருந்து பார்வையை எடுக்காமலே, "மிச்சத்தையும் அவளைச் சாப்பிடச் சொல்லு. ஆனா காகமாவே சாப்பிடட்டும். வந்தவர் தெரியாத மாதிரி இருக்காரு. நாமளும் தெரியாத மாதிரி இருக்கறதுதான் மரியாதை."

தைஸ்யா இரண்டாவது துண்டைக் குத்தி எடுத்தாள். காடு மறுபடி வந்தது; அதே இனிப்பு, அதே பைன் மணம். இந்த முறை நிதானமாக மென்றாள். அந்த ருசியின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தட்டுப்பட்டது. உப்பு ஒரு சிட்டிகை குறைச்சல். ஆண்கள் சமையல், வேறெப்படி இருக்கும்?

சொல்ல வாயெடுத்தாள். அகுலினா பக்கம் பாதி திரும்பியும் விட்டாள்.

வெள்ளி நாணயங்கள் மினுங்கின.

"கா!" என்றாள் தைஸ்யா, வீட்டிலிருந்த எல்லாக் காகங்களையும்விட உரக்க.