ஏழாவது ஆரக்கால்

இட்லிக் குண்டானை ஓரம் தள்ளிவிட்டு, சமையல் மேடையில் வெள்ளைச்சாமி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்திகிரியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைக் காண ஒரு பகல் போய்விடும். அவருக்கோ மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் போதும். அவர் வேலை பார்த்த ஃபேக்டரியில் எண்ணெய் வடிகட்டப் பயன்பட்ட வெள்ளைப் பொடி, கோடி வருஷத்துக்கு முன் கடலில் செத்த டயட்டம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி ஓடு என்று ரிட்டயரான பிறகுதான் தெரிந்தது. அன்றோடு தூக்கம் போயிற்று. ஒரு சிட்டிகையில் இரண்டு வங்காள விரிகுடா இருப்பதாக டவுன் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவிட்டார். தெருவே அவர் பேச்சைப் பத்தால் வகுத்துத்தான் நம்பியது.

லாவண்யா மட்டும் வகுக்கவில்லை. கடலோர ஆய்வுக்கூடத்தில் டயட்டம்களை இனம் பிரிப்பவள். தபாலில் அவர் அனுப்பிய படங்களை அவர் பெயரோடு தன் பட்டியலில் சேர்க்கிறாள். பட்டியல் இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. பத்து மணிக்குப் போன் வந்தது.

"சார், அந்தச் சக்கரம் மாதிரி டயட்டம்ல ஏழு ஆரக்காலும் ஒரே தடிமனா வரைஞ்சிருக்கீங்க. நெஜமாவே அப்படியா? ஒண்ணு மட்டும் மெலிசா இருந்தா அது வேற இனம்."

வெள்ளைச்சாமிக்கு ஞாபகம் வந்தது. மெலிசாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனையில் நின்ற கை, அதைக் கோளாறு என்று திருத்தி வரைந்துவிட்டது. ஸ்லைடிலும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் கழித்துவிட்டது.

"அல்லா படைச்ச பீஸையே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களே சாமி" என்றார், பக்கத்தில் நின்று விஷயத்தைக் கேட்ட அதாவுல்லா. ஃபேக்டரிக்கு அந்தப் பொடி மூட்டைகளை சப்ளை செய்தவர்.

"சிரிக்காதீங்க பாய். கழிச்சதெல்லாம் அந்த பிஸ்கட் டப்பாவுல கெடக்கு. ஒவ்வொண்ணா குடுங்க."

மனைவி ராசாத்தி அரிசியோடு வந்து நின்றாள். "ஒல வைக்கணும். உங்க கடலக் கொஞ்சம் நகத்துங்க."

"வெளிச்சம் இங்கதான்டி விழுது. இன்னிக்குப் பட்டினி கெடப்போம்."

நாற்பத்து மூன்றாவது ஸ்லைடில் அது கிடைத்தது. ஆறு கால் தடிமன். ஏழாவது, தலைமுடி போல.

அவர் போன் போட்டுச் சொன்னதும் லாவண்யா கேட்டாள்: "இந்த மாதிரி எத்தன பாத்தீங்க சார்?"

அதாவுல்லா கண்ணை மூடிக்கொண்டார். சாமி ஆயிரத்துக்குக் குறைத்துச் சொல்ல மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

"ஒண்ணு" என்றார் வெள்ளைச்சாமி. "ஒண்ணே ஒண்ணும்மா. மூணு தடவ எண்ணிட்டேன். படத்த நாந்தான் தப்பா போட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரண்டது. "நாலு மணிக்குள்ள சரியா வரைஞ்சு ஃபேக்ஸ் பண்ணுங்க சார்."

அவர் வரைந்தார். ஏழாவது காலில் பென்சில் தடிக்கப் பார்த்தது; இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மை காயாத கல்யாணப் பத்திரிகையைப் போல அந்தத் தாளை ஏந்திக்கொண்டு அதாவுல்லாவின் ஸ்கூட்டரில் ஏறினார்.

அரிசியைக் கீழே வைத்துவிட்டு ராசாத்தி ஒரு கண்ணை மூடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். விரல் பட்டு ஸ்லைடு நகர்ந்தது. சக்கரம் விலகிப் போக, அதன் பின்னால் ஒரு முக்கோணம் வந்தது, பிறகு ஒரு பாதி நிலா, பிறகு பேர் தெரியாத ஏதோ ஒன்று, மெல்ல மிதந்து.