ஆறாவது கட்டம்

படிவத்தில் ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. மைதானத்தின் நான்கு மூலைகளுக்கு நான்கு, நடுவுக்கு ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் கதிர்வீச்சு மீட்டரை அரை மீட்டர் உயரத்தில் பிடித்து, முள் அடங்க அரை நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறிக்க வேண்டும். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்து, விடை அரைக்குக் கீழே வந்தால் பள்ளிக்கூடத்தைத் திறக்கலாம். அணு உலை வெடித்த இந்த ஏழு மாதமாக ஊரெங்கும் இதே கணக்குத்தான்.

மற்ற ஊழியர்கள் பத்து நொடியில் எதையாவது கிறுக்கிவிட்டு வண்டியேறிவிடுவார்கள். இவர் ஒருவர்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு அரை நிமிடமும் நிற்பவர். அதனாலேயே ஆபீசில் இவருக்கு 'அரைநிமிஷம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் தேட வேண்டும்.

அன்று அவர் அளந்தது மகள் படிக்கும் பள்ளியை. இரண்டாம் வகுப்புக்காரி ஏழு மாதமாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். வருகிற திங்கள்கிழமை திறப்பதாக இருந்தது. ஐந்து இடங்களிலும் பாயின்ட் இரண்டு, பாயின்ட் மூன்றுக்கு மேல் முள் ஏறவில்லை. நிம்மதியாகக் கை கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். அணைக்காமல் தோளில் தொங்கிய மீட்டர் அங்கே படபடவென்று கத்தத் தொடங்கியது.

கூரையில் விழுந்த மழையெல்லாம் ஒரு தகரக் குழாய் வழியாக அந்தத் தொட்டியடியில்தான் வந்து இறங்கும். உலையிலிருந்து பறந்து வந்து கூரையில் படிந்த தூசியை மழை கழுவிக் கழுவி அந்த ஒரு முழ மண்ணில் சேர்த்து வைத்திருந்தது. அரை நிமிடம் பொறுத்தார். நான்கு புள்ளி ஒன்று. நம்ப மாட்டாமல் இன்னோர் அரை நிமிடம் பொறுத்தார். அதேதான். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து மண்ணைக் குழைப்பது அந்த இடத்தில்தான். அவர் மகள்தான் அதில் முதல் ஆள்.

"தொட்டியடியில நாலுக்கு மேல காட்டுது சார்," என்றார் மேற்பார்வையாளரிடம்.

"எந்தக் கட்டம்?"

"எந்தக் கட்டத்துலயும் வராது சார். கட்டடத்தை ஒட்டி இருக்கு."

"கட்டத்துல வராத இடத்தை யாருப்பா உன்னை அளக்கச் சொன்னது?"

"பசங்க அங்கதான் சார் விளையாடுவாங்க. என் பொண்ணும் அங்கதான் படிக்குது."

"உன் பொண்ணுக்காகப் புதுசா ஃபாரம் அடிக்க முடியுமா? கம்ப்யூட்டர் ஆறாவது நம்பரை வாங்காது."

"குறிப்புல எழுதட்டுமா?"

"தாராளமா எழுது. யாரு படிக்கப் போறா?"

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் பாட்டுக்குச் சிரித்த முகமாக அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணெதிரே கிடக்கும் விஷத்தைக் காகிதத்தில் ஏற்ற ஒரு விரற்கடை இடமில்லை என்றால் இந்த மீட்டர் எதற்கு, இந்தச் சீருடை எதற்கு?

தன் மேஜைக்கு வந்தவர், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். வடகிழக்கு மூலை என்ற கட்டத்தில் பாயின்ட் இரண்டை எழுதாமல் தொட்டியடி எண்ணை எழுதினார். கூட்டி வகுத்தால் ஒன்று. வரம்பைப்போல் இரண்டு மடங்கு. கையெழுத்தும் போட்டார். அன்றே பள்ளி திறப்பைத் தள்ளிவைத்து உத்தரவு வந்ததும் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நல்ல காரியம் பண்ணீங்க. பொய்யானாலும் புள்ளைங்களுக்காகத்தானே?" என்றாள் அவள்.

அதன் பிறகு அவரை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, பள்ளி சுத்தமாகிவிட்டது, திங்கள்கிழமை வகுப்பு என்று கைப்பேசியில் செய்தி வந்தது. வேலைக்குப் போகும் வழியில், மீட்டர் தோளில் தொங்க, மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். வாசலிலேயே பெரிய பலகை: 'மண் அகற்றப்பட்டது. மறு அளவீடு: பாயின்ட் இரண்டு.' மகள் கையை உதறிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

தலைமையாசிரியை முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார். "உங்களாலதான் சார். நீங்க சரியா எழுதிக் குடுத்ததால ஆளுங்க வந்து அந்த மூலையை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துட்டாங்க."

"எந்த மூலையை?"

"வடகிழக்கு மூலையைத்தான். நீங்கதானே எழுதினீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். ஊஞ்சல் இருந்த வடகிழக்கு மூலையில் புது மணல் பளபளத்தது. ஒரு குற்றமும் செய்யாத மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தொட்டியடிக்கு ஓடி மீட்டரை நீட்டினார். நான்கு புள்ளி ஒன்று. ஏன் குறையப் போகிறது? யார் தொட்டார்கள் அதை?

"நான் எழுதினது பொய்ம்மா. அது இந்த இடத்து நம்பர். கட்டம் இல்லன்னு அங்க எழுதிட்டேன். இன்னைக்குப் பசங்களை வெளிய விடாதீங்க."

பின்னாலேயே வந்திருந்த தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு எழுதினது பொய்னா, இன்னைக்குச் சொல்றதை எதை வெச்சு சார் நம்புறது?"

ஏழு மாதம் அரை நிமிடம் அரை நிமிடமாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையை ஒரே கையெழுத்தில் தொலைத்திருந்தார். தலைமையாசிரியையின் அறைக்குப் போய் மேற்பார்வையாளரைக் கைப்பேசியில் அழைத்து, அந்த அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேலை போனால் போகட்டும், உத்தரவு வந்தால் போதும் என்றிருந்தது.

மறுமுனையில் மேற்பார்வையாளர் சொன்னார்: "சரி, உன் ஃபாரத்தை ரத்து பண்ணிடறேன். உன் மேல நடவடிக்கை தனியா வரும். அதை எடுத்துட்டா மறு அளவீடு ஒண்ணுதான் பாக்கி. அது வரம்புக்குள்ள இருக்கு. பள்ளிக்கூடம் நடக்கலாம்."

"சார், நாலு புள்ளி ஒண்ணு சார்!"

"எந்தக் கட்டத்துல?"

அவர் மேஜையை ஓங்கிக் குத்தினார். வலித்ததுதான் மிச்சம். உண்மையைச் சொன்னாலும் திறக்கிறார்கள், பொய்யைச் சொன்னாலும் திறக்கிறார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

தலைமையாசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"எனக்கு இந்த மீட்டரும் புரியாது, கட்டமும் புரியாது," என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உங்க பொண்ணை இன்னைக்கு இங்க விட்டுட்டுப் போவீங்களா?"

"மாட்டேன்மா."

இதைக் கேட்க ஒருவருக்கும் இத்தனை மாதமாகத் தோன்றவில்லையே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. தலைமையாசிரியை எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், வீட்டுக்கு விடும் நீள மணியைத் தானே அடித்தார். "உத்தரவு இல்லாம எப்படிம்மா மூடுவீங்க?" என்று கைப்பேசி மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. வகுப்புகள் கதவைத் திறந்துகொண்டு ஹோவென்று வெளியே பாய்ந்தன. மீட்டர் தோளில் ஆட, அவர் ஓடிப்போய்த் தொட்டியடியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.