ராசாமணி காருக்கு வாங்கிய போர்வை

தலை நிமிர்ந்து நடப்பதன் விலை ஏழு லட்சத்து நாற்பதாயிரம். பதிவுச் செலவு தனி. கொல்லிமலையில் மிளகு வாங்கி விற்கும் ராசாமணியைக் கேட்டால் இந்த விலையைத்தான் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். நாமக்கல் ஷோரூமிலிருந்து அந்த வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு மலை ஏறிய அன்று, எதிரே வண்டி வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை பிரிக்கவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியும் கூடவே எழ மறுக்கும். அதனால் என்ன, புதுசு புதுசுதானே.

மலையில் கார் இல்லாமல் இல்லை. எல்லாம் கீழ்நாட்டுக்காரர்கள் ஓட்டிக் களைத்து விற்றவை. கம்பெனியிலிருந்து நேராக வந்தது, மலையில் தங்கள் பகுதியான பெரக்கரை நாட்டிலேயே தன் கார்தான் என்று ராசாமணி சொன்னார். அதைச் சரிபார்க்க யாரும் ஊர் ஊராகப் போகவில்லை.

கார் வாங்கியதற்குக் காரணம் மிளகு வியாபாரம் அல்ல, அர்த்தனாரி. சேந்தமங்கலத்தில் வாடகைக் கார் வைத்திருப்பவர். மலையில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்ணை ஏற்றிப்போக அவர் வண்டிதான் வரவேண்டும். வந்தவர் வாடகையை வாங்கிக்கொண்டு சும்மா போகமாட்டார். "இத்தனை பெரிய மலையில ஒரு கல்யாணப் பொண்ணு ஏற ஒரு வண்டி கிடையாதுங்களா?" என்று பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுத்தான் இலை முன் உட்காருவார். எதிர் வரிசையில் இருக்கும் ராசாமணிக்கு அந்தச் சோறு ஒரு வருஷமும் தொண்டைக்குள் நல்லபடியாக இறங்கியதில்லை.

ஆகவே மச்சான் முறையான வெள்ளியங்கிரி தன் மகள் கோகிலாவுக்குக் கல்யாணத் தேதி குறித்த மறுநாளே ராசாமணி போய் நின்றார்.

"கோகிலா என் கார்லதான் கோயிலுக்குப் போகோணும் மச்சான். வாடகையே வேண்டாம்."

வாடகை வேண்டாம் என்று ராசாமணி வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வெள்ளியங்கிரிக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி ராசா மாதிரி இருக்குதுங்க. ஆனா மேல பூனை படுத்திருக்குதே?"

"அது இன்னிக்குப் பார்த்து ஏறிருச்சு மச்சான்."

"ஒன்னா இருந்தா சரி. இங்க ஒரு சந்தையே கூடியிருக்குதே! பட்டுச்சேலையில பூனை முடி ஒட்டுச்சுன்னா சம்பந்தி ஊட்டுக்காரங்க ஊரெல்லாம் சொல்லுவாங்க. கல்யாணத்தன்னிக்குக் காலையில வந்து பார்ப்பேன். ஒரு நகக்கீறல், ஒரு கால்தடம் கண்ணுல பட்டாலும் அர்த்தனாரி வண்டிதான். மனசுல வச்சுக்காதீங்க."

ராசாமணியின் வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. கார் அங்கே இறங்காது. பாப்பாயியின் டீக்கடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதளம்; அங்கேதான் நிற்கும். வாரச்சந்தைக்கு வந்து, யாருக்கும் சொந்தமில்லாமல் தங்கிவிட்ட பூனைகள் அத்தனையும் அதன் மேல்தான் கிடக்கும். ஒற்றைக் காது கடுவன் ஒன்று எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து, இருப்பதிலேயே நல்ல இடத்தைப் பிடிக்கும். பாப்பாயி அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தாள்.

காருக்குப் போர்வை இருந்தது. அதை வாங்கிய கதையை ராசாமணி சொல்லக் கேட்காதவர் மலையில் இல்லை. சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் வியாபாரி கடை விரித்திருந்த தார்ப்பாய் அது. கருவாட்டைக் கேட்பதுபோல் உட்கார்ந்து, தார்ப்பாயில் பேரத்தைத் தொடங்கி, எழுந்து போவதும் திரும்பி வருவதுமாக அந்த மனுஷனைக் களைக்க வைத்து, பாதி விலைக்கு உருவிக்கொண்டு வந்தார். இழுத்துப் பார்த்தார். தையலை நெருடிப் பார்த்தார். ஓட்டை உண்டா என்று வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மோந்து மட்டும் பார்க்கவில்லை. மூக்கை அவர் இளவயதிலேயே மூக்குப்பொடிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். மிளகைக்கூடக் கையில் அள்ளி, பல்லில் கடித்துத்தான் தரம் சொல்வார்.

போர்வையை விரித்த அன்றே அவர் மனைவி சுகுணா முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, இது கவிச்சி அடிக்குதுங்க."

"பாதி விலைக்கு வாங்கிட்டு வந்தா ஊருக்கெல்லாம் வயிறு எரியும். உனக்கு மூக்குல எரியுதாக்கும்?"

சுகுணா எதையும் ஒருமுறைதான் சொல்வாள். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும். பாப்பாயிக்கும் தெரியும். ஆனால் பூனைக் கூட்டத்தை வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். ஓடுகிற வியாபாரத்தை வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ள அவளுக்கென்ன தலையெழுத்தா?

ராசாமணி முதலில் தன் தொழிலையே நம்பினார். விற்க வைத்திருந்த முதல்தர மிளகில் ரெண்டு படியை இடித்துத் தார்ப்பாய் முழுக்கத் தூவினார். அன்று டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் தும்மித் தும்மியே பாதி டீயைக் கீழே கொட்டினார்கள். பூனைகள் தும்மவில்லை. கருவாட்டில் மிளகு சேர்ந்ததும் ருசி கூடிவிட்டதோ என்னவோ, புதிதாக ரெண்டு வந்து சேர்ந்தன.

பிறகு சாமைக் காட்டிலிருந்து கிளி விரட்டும் பொம்மையைப் பிடுங்கிவந்து, தன் பழைய சட்டையை மாட்டி, கார் அருகே நிறுத்தினார். அருவி பார்க்க வந்த ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி அதனிடம் வழி கேட்டார். பதில் வராததால் பாப்பாயியிடம் போய், "என்னங்கம்மா, உங்க ஊர் ஆளுங்களுக்கு இவ்வளவு திமிரா?" என்றார்.

"அவரு அப்படித்தானுங்க. கார் வாங்கினதுல இருந்து யாருகிட்டயும் பேசறதில்லை" என்றாள் பாப்பாயி.

கடைசியாக, டீக்கடைக்குத் தினமும் வரும் செல்வத்தின் நாயை இரவல் வாங்கிக் கட்டினார். முதல் மாலை அது குரைத்த குரைப்பில் மேனேஜரே பலாமரத்தில் ஏறிவிட்டது. ராசாமணி அன்று நிம்மதியாகத் தூங்கினார். காலையில் வந்து பார்த்தால் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு தார்ப்பாய் மேல் ஏறி, பூனைகளுக்கு நடுவில் தார்ப்பாயின் ஓரத்தை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. இவரைக் கண்டதும் வாலை மட்டும் ஆட்டியது.

கல்யாணக் காலை. பனிமூட்டம் ரோட்டை விட்டு விலகிக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட வேட்டி, கையில் காருக்குச் சுற்ற மல்லிகைச் சரம். ராசாமணி படி ஏறி வந்தார், பின்னால் சுகுணா. தார்ப்பாய் மேல் எள் போட இடமில்லை. மேனேஜர் சரியாக நடுக்கூரையில் கிடந்தது.

அதே நேரம் மாப்பிள்ளை வீட்டாரை மலை ஏற்றிக் கோயிலில் இறக்கிவிட்டு வந்த அர்த்தனாரி தன் காரைப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! ராசாமணி, பொண்ணு எங்கீங்க உட்காருவா? சீட்டெல்லாம் ஆள் பிடிச்சிட்டாங்களே!"

வெள்ளியங்கிரி வந்து பூனைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். அதுதான் ராசாமணிக்குச் சுட்டது. அர்த்தனாரி இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார், மறுபடியும் உறிஞ்சினார்.

"ஏனுங்க, இது காருக்குப் போர்வையா, கருவாட்டுக் கூடையா? இப்படி மணக்க வச்சுப்போட்டு பூனை ஏறாம மயிலா ஏறும்?"

டீக்கடையே சிரித்தது. வெள்ளியங்கிரியும் சிரிப்பை அடக்க மேல்துண்டை வாயில் வைத்தார். ராசாமணி திரும்பிச் சுகுணாவைப் பார்த்தார். அவள் பலாமரத்தில் எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது என்று வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசாமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிளகு, பொம்மை, நாய், ஊர் சிரித்த சிரிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அந்தப் பேரம்தான். ஆனால் பேரத்தில் அடி விழுந்தால் அதை முகத்தில் காட்டுவது அவர் வம்சத்தில் கிடையாது. நிதானமாக டப்பியை எடுத்தார். ஒரு சிட்டிகை பொடியை இழுத்தார். அந்த ஒரு சிட்டிகை நேரம் அவருக்குப் போதும்.

"கருவாடேதானுங்க அர்த்தனாரி. பின்ன, பூனைக்குச் சந்தனமா பூசுவாங்க? செல்வம், அந்தத் தலைப்பைப் புடி. வெள்ளியங்கிரி மச்சான், நீங்க இந்தப் பக்கம். மெதுவா. யாரும் எழுந்திரிச்சிரக் கூடாது."

தார்ப்பாயைப் பூனைகளோடு சேர்த்துத் தூக்கினார்கள். சாமி சப்பரம் போவதுபோல் அது ரோட்டைக் கடந்து எதிர்ப்பாறைக்குப் போனது. ஒரு பூனைகூடக் குதிக்கவில்லை. மேனேஜர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாறை மேல் விரித்ததும் எல்லாம் ஒருமுறை நெளிந்து கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

"பூனைக்கு அக்கட்டால பாறையில இடம். காருக்கு இக்கட்டால கடையோரம் இடம்" என்றார் ராசாமணி, ஆதியிலிருந்தே இதுதான் திட்டம் என்பதுபோல். "இத்தனை நாளா அதுகளைப் போர்வைக்குப் பழக்கினேனுங்க. பழகினாத்தானே கூடவே போகும்?"

போர்வை போன இடத்தில் கார் பளபளவென்று நின்றது. கருவாட்டு உப்பு ஊறி மரப்பட்டை மாதிரி இறுகிய தார்ப்பாய். அதைத் தாண்டி எந்த நகமும் உள்ளே இறங்கவில்லை. அந்த அளவில் ராசாமணி வாங்கியது நல்ல சரக்குதான். வெள்ளியங்கிரி மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர் போல் பானெட்டைத் தடவினார். கதவைத் தடவினார். பாதி விலைத் தார்ப்பாய் நீளத்தில் கொஞ்சம் குறைச்சல். பின்கண்ணாடியை அது மூடியதில்லை. அந்தக் கண்ணாடியில் ஈரமண் ஒட்டிய பூனைக் கால்தடம் ஒரு வரிசை, பூப்போட்டதுபோல். அதை முதலில் பார்த்தது சுகுணா. வெள்ளியங்கிரி அந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள், கல்யாணத்துக்கென்று கட்டிவந்த புதுச்சேலையின் முந்தானையால் ஒரே துடைப்பு. பிறகு மறுபடி பலாமரத்தைப் பார்த்தாள்.

ராசாமணி அதைக் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"குறை ஒன்னும் இல்லீங்க மச்சான்" என்றார் வெள்ளியங்கிரி. "பொண்ணைக் கூட்டிட்டு வாரேன்."

அந்த நேரத்தில்தான் மேனேஜர் எழுந்தது. பாறை அதற்குக் குளிர்ந்திருக்க வேண்டும். சோம்பல் முறித்து, ரோட்டைக் கடந்து, மலை முழுக்க ஏறிவந்து கொதித்துக்கொண்டிருந்த அர்த்தனாரி காரின் பானெட் மேல் குதித்து, நகத்தை நீட்டி நன்றாகப் பிராண்டிவிட்டுச் சுருண்டு படுத்தது. அதன் பின்னால் இன்னும் ரெண்டு வந்தன.

"ஏய்! சூ! சூ!"

"போர்வை வேணுமுன்னா சொல்லுங்க அர்த்தனாரி. பாதியை வெட்டித் தாரேன்" என்றார் ராசாமணி. "விலை மட்டும் முழு விலைங்க."

கோகிலா பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் ஏறினாள். சீட்டின் பிளாஸ்டிக் உறை கரகரத்தது. கோயில் வரை நாலே வளைவு. நாலிலும் ஹாரன் கேட்டது. வழியில் மரவள்ளிக் காட்டில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை ராசாமணி கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பந்தியில் அர்த்தனாரி எதிர் வரிசையில் உட்கார்ந்தார். சாம்பார் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டும் என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. ராசாமணி ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் காரில் திரும்பும்போது சுகுணாவிடம் கணக்குச் சொன்னார்.

"செலவு பாரு. ரெண்டு படி மிளகு, ஒரு பழைய சட்டை, நாய்க்குப் போட்ட சோறு. ஊர் சிரிச்சதையும் சேர்த்துக்கோ. வரவு? கோகிலா ஏறினா. அர்த்தனாரி வாயை மூடிட்டுச் சாப்பிட்டான். தார்ப்பாய் பாதிக்கு முழு விலை கேட்டிருக்கேன், அடுத்த சந்தைக்குள்ள வந்துருவான். கணக்கு நேராயிருச்சா?"

"ஒன்னு விட்டுப்போட்டீங்களே."

"என்னது? முந்தானையா? நாமக்கல்லுல வேற சேலை எடுத்துக்கலாம் புள்ள."

"சேலை கிடக்குதுங்க. 'நீ அன்னிக்கே சொன்னே சுகுணா, சரியாத்தான் சொன்னே'ன்னு ஒரு வார்த்தை."

ராசாமணி ஹாரனை அழுத்தினார். எதிரே வண்டி ஏதும் வரவில்லை.

மற்றதெல்லாம் நேர். வார்த்தை ஒன்று மட்டும் பாக்கி.